தலை எண்ணும் பிரிகேடியர்

ஐயாயிரம் சிப்பாய்களை அதட்டி மேய்த்த ஒரு மனிதர், எங்கள் ஷேர் ஜீப்பில் ஏறியவர்களை ஆறு தடவை எண்ணியும் திருப்தியில்லாமல் ஏழாவது தடவை எண்ணியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அப்படி இன்னொரு பிறவியை ஜவ்வாது மலை இனிமேல் காணப்போவதில்லை.

பெயரைச் சொல்லுவார், எங்கள் வாயில்தான் நுழையாது. அதனால் பிரிகேடியர். பிரிட்டிஷ் ராணுவத்தில் முப்பத்தைந்து வருஷம் இருந்து, பாலைவனத்தில் வரிசை வரிசையாக லாரிப் படை நடத்தி ஓய்வு பெற்றவர். ஒரு பலாப்பழ சீசனில் புதூர்நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தார். அதிலிருந்து வருஷத்தில் ஆறு மாதம் அங்கேதான். நான் அந்த ஊர்ப் பள்ளியில் கணக்கு வாத்தியார், திருப்பத்தூரிலிருந்து தினமும் ஜீப்பில் போய்வருகிற ஜென்மம்.

அவருக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவன் ஜீப் டிரைவர் குப்புசாமி. ஆகவே அந்த மகான் என்னிடம் முதன்முதலில் பேசிய தமிழ், "சாரே, உள்ள தள்ளிக் குந்துபா."

ஏறும்போது ஒரு எண்ணிக்கை, இறங்கும்போது ஒரு எண்ணிக்கை. பட்டாளத்துப் பழக்கம். ஒருநாள் கொண்டை ஊசி வளைவில் ஒரு தலை குறைகிறதென்று வண்டியை நிறுத்திவிட்டார். அந்த ஆள் முந்தின ஊரிலேயே இறங்கிப்போனது தெரியும்வரை பள்ளத்தையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முதல் பீரியட் போச்சு.

"இவ்ளோ பெரிய ஆளு, பிரிகேடியருக்கு மேல ஏன் போவல தொரை?" என்று குப்புசாமி ஒருமுறை கேட்டுவிட்டான்.

"ஒரு பாலம்பா. தாண்டுன்னு ஆர்டர். தாங்காதுன்னு எனக்குத் தோணிச்சு. எல்லா லாரியும் திருப்பிக்கினு வந்துட்டேன். பயந்தவன்னு பைல்ல எழுதிட்டாங்க. அப்புறம் பிரமோஷன் இல்ல."

"பாலம் இன்னா ஆச்சு?"

"தெரில. நாங்க போவலியே."

போன மழைக்காலத்தில், பிரசவ வலி எடுத்த மல்லிகா என்ற பெண்ணோடு எங்கள் ஜீப் மலையிறங்கியது. இருபத்தோரு பேர், எண்ணியாயிற்று. பாதி வழியில் சிறுபாலத்தின் மேல் தண்ணீர் புரண்டது. பிரிகேடியர் இறங்கி, தடியால் ஓரத்தைக் குத்தி, குனிந்து காது கொடுத்துக் கேட்டார்.

"போவாது."

"உசுரு துடிக்குது, பாலத்துக்கு ஜோசியம் பாக்குறீங்களா? பயமாயிருந்தா நீங்க இங்கயே நில்லுங்க" என்றான் மல்லிகாவின் புருஷன்.

பிரிகேடியரின் முகம் செக்கச்செவேலென்று ஆனது. ஆனாலும் ஜீப்பின் முன்னால் போய் நின்றுகொண்டார். உண்மையைச் சொல்கிறேன், நானும் அவரை மனதுக்குள் திட்டினேன்.

அடுத்த பத்து நிமிஷம் நான் பார்த்தது நிஜமான ராணுவம். அக்கரைக்கு வேறொரு ஜீப்பை வரச்சொல்லிப் போன் பறந்தது. புளி உலுக்கும் கழியில் புடவைத் தூளி கட்டி, மல்லிகாவைப் படுக்க வைத்தார். மேலே ஓடை குறுகலாக இருந்த இடத்தில் பாறைக்குப் பாறை ஆள் நிறுத்தி, கைமாற்றிக் கைமாற்றி அவளை அக்கரை சேர்த்தார். பின்னாலேயே நாங்களும் கடந்தோம்; குப்புசாமி மட்டும் வண்டியோடு தங்கிவிட்டான்.

திருப்பத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேரும் காத்திருந்தோம். குழந்தை பிறந்ததும் பிரிகேடியர் எண்ணினார். "இருவத்தொண்ணு. சரியா கீது."

"குப்புசாமி அங்கேயே நிற்கிறானே, எப்படிச் சரியாகும்?" என்றேன். அவர் நர்ஸ் கையிலிருந்த குழந்தையைக் காட்டினார். கணக்கு வாத்தியார் நான் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தேன்; சரிதான்.

அப்போது குப்புசாமி போனில் வந்தான். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"தொரை, நீங்க போன கால் மணி நேரத்துல பாலம் அப்டியே பேத்துக்கினு பூட்ச்சி." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான். "அந்தப் பாலமும் வுழுந்துதான் இருக்கும் தொரை."

பிரிகேடியர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்களை மறுபடியும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

இப்போதெல்லாம் ஜீப்பில் உள்ளே தள்ளி உட்கார்ந்ததும், அவர் விரல் என் பக்கம் வருகிறவரை தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.