சாமை முறுக்கும் ஏழாவது பிரிவும்

சட்டம் படித்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் எதைப் பார்த்தாலும், "இதுக்குப் பேப்பர் இருக்கா?" என்று கேட்டுவிடுவோம். இருபத்தைந்து வயதில் எனக்கு இந்தப் பழக்கம் முற்றிப்போயிருந்தது. (அம்மா வைத்த ரசத்துக்குக்கூடக் கேட்டிருப்பேன். கரண்டிக்குப் பயந்து கேட்கவில்லை.) அதன் பலன் இன்றைக்கும் எங்கள் கணியம்பாடி மளிகைக் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அப்போது சென்னையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் ஜூனியராக இருந்தேன். வேலை, அறிவுசார் சொத்துரிமைத் தணிக்கை. பெயர்தான் பெரிது. ஒரு கம்பெனிக்கு நிலம், மிஷின் தவிர கண்ணுக்குத் தெரியாத சொத்தும் இருக்கும். அதன் பெயர், லோகோ, பாக்கெட்டில் இருக்கும் படம், பலகாரத்தின் பக்குவம் எல்லாம் அதில் சேர்த்தி. அவை உண்மையிலேயே அந்தக் கம்பெனிக்குத்தான் சொந்தமா என்று துருவிப் பார்க்க வேண்டும்.

என்னை முதன்முதலாகத் தனியாக அனுப்பிய இடம், ஜவ்வாது மலையில் ஒரு சாமை முறுக்குக் கம்பெனி. (பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் பாக்கெட்டைத் தேடிப் போய்ப் பார்ப்பீர்கள்.) சென்னையிலிருந்து ஒரு முதலீட்டாளர் சனிக்கிழமை நேரில் வருவதாக இருந்தது. அதற்குள் என் அறிக்கை தயாராக வேண்டும். அதில் ஓர் ஓட்டை இருந்தாலும் அவர் திரும்பிப் போய்விடுவார், அங்கே முறுக்குச் சுடும் பெண்கள் பழைய விறகடுப்பிலேயே வேக வேண்டியதுதான்.

முதலாளி குமரேசன் மலையிலேயே பிறந்தவர். ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு பைக்கில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார்.

"சொத்தெல்லாம் பாக்கணும்னு சொன்னாங்க மேடம். நாலு அடுப்பு கீது, ஒரு மாவு மிஷின் கீது. இந்த வண்டிக்கு இன்னும் டியூ கட்டிக்கினு கீறேன்."

"அந்தச் சொத்து இல்ல சார். அறிவு சம்பந்தப்பட்ட சொத்து."

"அறிவா?" வண்டியை மெதுவாக்கிக் கொஞ்சம் யோசித்தார். "எங்க வூட்ல அது எங்க அக்காவுக்குத்தான் மேடம் கீது."

வியாழக்கிழமை முழுக்கத் தோண்டினேன். மனிதர் பெயரைப் பதிவு செய்திருந்தார். லோகோ வரைந்தவரிடம் எழுதி வாங்கியிருந்தார். எல்லாம் ஒழுங்காக இருந்ததில் எனக்குப் பெரிய ஏமாற்றம். சாயங்காலம் டீயோடு வந்த முறுக்குப் பாக்கெட்டைப் பிரிக்கும்போதுதான் அந்தப் படத்தைப் பார்த்தேன். கையில் முறத்தோடு ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இவங்க யாரு சார்?"

"நான் சொன்னேனே, எங்க அக்கா. பச்சையம்மா."

"படத்தைப் போட அவங்க சம்மதம் எழுதிக் குடுத்திருக்காங்களா?"

"அக்கா மேடம்."

"அதான் கேக்கறேன்."

"அக்காகிட்ட யாராச்சும் எழுதி வாங்குவாங்களா?"

ஓட்டை கிடைத்துவிட்டது! லாட்டரி அடித்தவள் மாதிரி உட்கார்ந்து சம்மதக் கடிதம் தயாரித்தேன். அதில் ஏழாவது பிரிவு என் உச்சகட்ட சாதனை. 'இச்சம்மதம் நிரந்தரமானது. எக்காரணம் கொண்டும் திரும்பப் பெற இயலாது. சம்மதம் அளிப்பவரின் மரணத்துக்குப் பின்னரும் செல்லும். அவருடைய வாரிசுகளையும் கட்டுப்படுத்தும்.' போனில் சீனியருக்குப் படித்துக் காட்டினேன். "எறும்புகூட நுழைய முடியாது, சபாஷ்" என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பச்சையம்மா அக்கா தலைக்குக் குளித்து, முகமெல்லாம் மஞ்சளாக, அப்போதுதான் விளக்கேற்றியிருந்தார். சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் முதன்முதலாக அச்சடித்த முறுக்குப் பாக்கெட் ஆணியில் தொங்கியது. "வாம்மா, சாப்ட்டுட்டுத்தான் போவணும்" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார். பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்து வாங்கியிருந்தால் போட்டிருப்பார். நான்தான் சட்டம் படித்தவளாயிற்றே. கையெழுத்துப் போடுகிறவருக்கு ஒவ்வொரு வரியும் புரிய வேண்டும் என்று, பிரிவு பிரிவாக உரக்கப் படித்து விளக்கினேன்.

ஏழாவது வந்தது. அக்காவின் பின்னால் நின்ற குமரேசன் இரண்டு கைகளையும் ஆட்டினார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன். "அதாவது அக்கா, நீங்க செத்துப்போன பிறகும்..."

அக்கா எழுந்துவிட்டார்.

"இன்னா சொன்ன? வெள்ளிக்கெழமையும் அதுவுமா, வெளக்கு எரியற வூட்ல வந்து நான் சாவறதுக்குக் கையெழுத்து கேக்கறியா?"

"இல்லக்கா, இது சும்மா ஒரு பேப்பர்..."

"டேய் குமரேசா! என் மூஞ்சி இனிமே உன் பாக்கெட்ல இருக்கக் கூடாது. இட்னு போ இந்தப் பொண்ண!"

சாப்பாடும் போயிற்று, படமும் போயிற்று. முந்தின நாள் வரை பேப்பர் இல்லாத சம்மதமாவது இருந்தது. என் தணிக்கைக்குப் பிறகு அதுவும் இல்லை. அழுகை வந்தது. பைக்கில் அழுதால் காற்றில் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

வேறு முகம் வேண்டும், அன்றைக்கே. முறுக்குச் சுடும் பெண்களில் ஒருவரைக் கேட்கலாம் என்று போனால், எங்களுக்கு முன்பே போனில் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

"அதுல கையெழுத்துப் போட்டா ஆயுசு கம்மியாமே?" என்றார் மாவு பிசைந்துகொண்டிருந்த பெண்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. சும்மா ஒரு பேப்பர்."

"சும்மான்னா நீயே போடேம்மா."

குமரேசன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். "மேடம், நீங்க கூட நல்லாத்தான் கீறீங்க" என்றார்.

தற்காலிகமாகத்தானே, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று பேனாவை எடுத்தேன். புத்தி வேலை செய்ய, முதல் காரியமாக ஏழாவது பிரிவை அடிக்கப் போனேன். "பாரு பாரு, அவங்களே பயந்துக்கினு அடிக்கறாங்க!" என்று ஒரு குரல். அத்தனை அடுப்பும் என்னையே பார்த்தன. ரோஷம் வந்துவிட்டது. ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் கையெழுத்துப் போட்டேன்.

படம் எடுத்தது குமரேசனின் செல்போன். நான் பதினைந்து விதமாக அழகாகச் சிரித்தேன். இடையில் யாரோ மிளகாய்த்தூள் டப்பாவைத் திறக்க, வாயில் பாதி முறுக்கோடு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பிரம்மாண்டமாகத் தும்மினேன். செங்கம் அச்சகக்காரர் அதைத்தான் தேர்ந்தெடுத்தார். "மத்ததெல்லாம் ஆதார் கார்டு மாதிரி கீது. இதுலதான் உயிர் கீது" என்றாராம்.

சனிக்கிழமை முதலீட்டாளர் மாதிரி பாக்கெட்டைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பணமும் போட்டார். புது அடுப்புகள் வந்தன. சீனியர்தான் போனில், "தணிக்கை பண்ணத்தானேம்மா அனுப்பினேன்?" என்று கேட்டார்.

முறுக்கு பிய்த்துக்கொண்டு விற்கிறது. படத்தை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினால் குமரேசன் மரியாதையாகச் சொல்கிறார், "ஏழாவது பிரிவு மேடம்." அதில் ஓட்டை தேடி நானும் பல தடவை படித்துவிட்டேன். எறும்புகூட நுழைய முடியாது.

பச்சையம்மா அக்காவுக்குக் கோபம் தணிந்து, படத்தைப் போட்டுக்கொள் என்று தம்பியிடம் சொல்லப் போனபோது புதுப் பாக்கெட் கடைக்கு வந்துவிட்டிருந்தது. இப்போது மலை முழுக்க வழங்கும் கதை இதுதான்: மெட்ராஸிலிருந்து ஒரு வக்கீல் பொண்ணு வந்து, சாவைச் சொல்லி அக்காவைப் பயமுறுத்தி, அக்கா இடத்தில் தன் மூஞ்சியை வைத்துக்கொண்டு போய்விட்டது. அந்த அக்கா என் கல்யாணத்துக்கு வந்தார். மேடையில் என்னைக் கட்டிக்கொண்டு, "எம்மா நாள் பிளான் போட்டம்மா இதுக்கு?" என்று காதில் கேட்டார். இரண்டு சம்பந்தி வீட்டாருக்கும் தாம்பூலப் பையில் என்ன பாக்கெட் போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவின் வேலை.

போன மாதம் என் மகளிடம் பள்ளிக்கூடத்தில் அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறார்கள். "முறுக்குல இருக்காங்க" என்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்து என்னிடம் ரொம்பக் கவலையாக, "அம்மா, நான் பெரியவளானதும் போய் அந்தப் போட்டோவ எடுக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"முடியாதுடா கண்ணு. வாரிசுகளையும் கட்டுப்படுத்தும்."