பூதத்தைச் சோப்பால் அடித்த சங்கம்

உலகப் பொருளாதார வரலாற்றில், ஒரு பூதத்தைச் சோப்புக் கட்டியால் அடித்து வீழ்த்திய ஒரே அமைப்பு எங்கள் சிறு வணிகர் சங்கம்தான். அதன் செயலாளராகிய நானே இதைச் சொல்வது தற்பெருமைதான். ஆனால் வேறு யாரும் சொல்ல முன்வரவில்லையே!

எங்கள் கடைத்தெருக் கோடியில் அந்த மாபெரும் மலிவுவிலைக் கடை திறந்த நாளிலிருந்தே அதன் வாசலில் போராடினோம். "மூடு! மூடு!" என்று தொண்டை கிழியக் கத்தினோம். கத்திய களைப்புத் தீர உள்ளே போவோம். அங்கே ஏசி இருந்தது. போனவர்கள் வெறுங்கையோடு திரும்பலாமா? கூட்டம் சேர்ப்பதற்காகச் சோப்பு, சர்க்கரை, எண்ணெய் மூன்றையும் அவர்கள் அடக்க விலைக்கும் கீழே விற்றார்கள். அவற்றை அள்ளி வந்து எங்கள் கடைகளில் 'நியாயமான' விலைக்கு விற்றோம்.

"ஒருவருக்கு ஒன்று மட்டும்" என்று அட்டை மாட்டினார்கள். சொந்தபந்தத்தின் அருமை அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. முகத்தில் விழிக்காத பங்காளிகளெல்லாம் ராசியானார்கள். எங்கள் தலைவர், பல வருடமாகப் பேசாத மாமியாரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அங்கே பில் போட்டவள் என் மைத்துனி. கணவன் இறந்த பிறகு அவள் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள்.

"அத்தான், தினமும் சோப்புதானா? ஒரு சட்டையாவது எடுங்களேன். அதுலதான் கடைக்கு லாபம்" என்பாள்.

"எதிரிக்கு லாபம் சம்பாதிச்சுக் கொடுக்கச் சொல்றியா? கொள்கைன்னு ஒண்ணு இருக்கும்மா!" என்பேன்.

கொள்கை வென்றது. நஷ்டம் தாங்காமல் பெருங்கடை ஷட்டரை இறக்கியது. வெற்றி விழாவில் தலைவருக்கு மாலை போட்டோம். மாலையோடு எழுந்தவர் மெல்லக் கேட்டார்:

"எல்லாம் சரிதான். நாளைக்குச் சரக்கு எங்க எடுக்கறது?"

கைதட்டல் நின்றது.

"பழைய மொத்த வியாபாரிகிட்ட?" என்றார் பொருளாளர்.

"நாமதான் அவர்கிட்ட போறதையே விட்டுட்டோமே. குடோனைக் காலி பண்ணிட்டு மக வீட்டோட போயிட்டாரு" என்றார் தலைவர்.

சங்கம் சோர்ந்துவிடவில்லை. அங்கேயே ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம்: இதைவிடப் பெரிய நிறுவனம் ஒன்று உடனடியாக இங்கே வந்து எங்களை ஒழித்துக்கட்டுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

மறுநாள் காலை மைத்துனி என் கடைக்கு வந்தாள். காலியான அலமாரிகளை ஒரு பார்வை பார்த்தாள்.

"இங்க ஏதாவது வேலை இருக்குமான்னு கேட்க வந்தேன்."

"நீ எதுக்குக் கவலைப்படறே? பெரிய கடையைக் கூப்பிட்டிருக்கோம். முதல் வேலை உனக்குத்தான். நாங்களும் முதல் நாளே போராட்டத்துக்கு வந்துடுவோம்!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தாராளமா வாங்க அத்தான். ஆனா இந்தத் தடவை வாசலோட நின்னுக்கோங்க. நீங்க வெளிய நின்னு கத்தின வரைக்கும் என் வேலைக்கு ஒண்ணும் ஆகல. உள்ள வந்து வாங்கினீங்க பாருங்க, அதுலதான் போச்சு."