கை உயர்த்திய குற்றம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். நீங்களும் என் மகளும் நலமென்றே நம்புகிறேன். வக்கீலான உங்களுக்கு மாமியார் ஒரு வழக்கு அனுப்புகிறேன்.

உங்கள் மாமா முப்பத்தொரு வருடம் சுட்டுப் பழகிய துப்பாக்கிக் கழகத்தில் அவருடைய இடம் எனக்குக் கிடைக்க வேண்டுமானால், இம்மாதத்துக்குள் நான் பாதுகாப்புத் தேர்வில் தேற வேண்டும். நேற்றுப் போனேன். மேற்பார்வையாளர் காதடைப்பானை மாட்டுவதற்கு முன், "ஆபத்தா எதைப் பாத்தாலும் யார் வேணா 'நிறுத்து'ன்னு கத்தலாம். எல்லாரும் துப்பாக்கிய மேஜையில வெச்சிட்டு மஞ்சக் கோட்டுக்குப் பின்னால வந்துடணும்" என்றார். கான்வென்ட்டில் படித்தவளுக்கு இதைவிட நல்ல சட்டம் உண்டா? சுடுவதற்கு ஆளுக்கொரு தடுப்புக் கூண்டு. முதல் கூண்டுக்காரர் தொளதொளச் செருப்பில் நின்றார், நிறுத்தினேன். மூன்றாம் கூண்டுப் பெண் சூயிங்கம் மென்றாள், நிறுத்தினேன். பக்கத்துக் கூண்டுப் பல் டாக்டருக்குச் சட்டை பாதி வெளியே தொங்கியது, நிறுத்தினேன்.

"அம்மா, உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் கத்துங்க. இன்னொரு தரம் கத்துனீங்க, தேர்வு அவ்வளவுதான்!"

"ஒழுக்கம் போனப்புறம் உயிர் இருந்து என்ன?" என்றேன்.

ஐந்து குண்டில் இரண்டைச் சுட்டிருந்தேன். பல் டாக்டருக்குத் தொலைபேசி வந்தது. ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் தொலைபேசியுமாக, "சொல்லு, இன்னும் ஆடுதா?" என்றபடி மனிதர் என் பக்கமே திரும்பிவிட்டார். கத்தினால் உங்கள் மாமாவின் இடம் போகும். கத்தாவிட்டால் நானே போவேன். எனவே பள்ளியில் பழகியபடி, பேச அனுமதி கேட்டு மௌனமாக வலது கையை உயர்த்தினேன். யாரும் கவனிக்கவில்லையோ என்று நான்கு பக்கமும் ஆட்டினேன்.

இதற்குமேல் நடந்தது எனக்கு விளங்கவேயில்லை. பல் டாக்டர் குப்புற விழுந்தார். சூயிங்கம் பெண் மேஜைக்கடியில் போனாள். மேற்பார்வையாளர் தவழ்ந்து வந்து, "தாயே, அசையாதீங்க தாயே" என்று கெஞ்சினார். "எழுந்து நின்று பேசுங்கள்" என்றேன். எழுந்தவர் என் கையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். மரியாதை என்று நினைத்தேன். வாசல்வரை கொண்டுவந்து விட்டு, "இனிமே இந்தப் பக்கமே வராதீங்க" என்கிறார்! கை உயர்த்துவது குற்றமா? உடனே நோட்டீஸ் அனுப்புங்கள்.

இருவரும் நோயின்றி, நேரத்துக்குச் சாப்பிட்டு, நீடூழி வாழ்க.

உங்கள் அத்தை

பின்குறிப்பு: கடிதத்தை முடித்துவிட்டு, நேற்றுச் செய்ததைச் சரிபார்க்கக் கையை உயர்த்திப் பார்த்தேன். பேனா கையிலேயே இருந்தது. நேற்றும் நான் எதையும் மேஜையில் வைத்ததாக நினைவில்லை. நோட்டீஸ் வேண்டாம். மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதுங்கள், பிழையில்லாமல்.