எனக்குக் கிடைக்காத ஆறாம் பாரம்

பொறாமை என்னும் குணம் என்னிடத்தில் அணுவளவும் இல்லை என்று நெடுங்காலம் சொல்லி வந்திருக்கிறேன். கேட்டவர்கள் நம்பினார்கள். என் மனைவி விசாலாட்சி மட்டும் நம்பவில்லை. அவள் நம்பாததற்குக் காரணமான நிகழ்ச்சியை, அவள் சொல்லுவதற்கு முன் நானே எழுதிவிடுவது நல்லது. (அவள் சொன்னால் இன்னும் விரியும்.)

புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த காலம். ஊர்ப் பெரியவர்கள் சிலர் கூடி நடத்திய ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியில் ஐந்தாம் பாரத்துக்கு நான் ஆங்கிலமும் சரித்திரமும் கற்பித்து வந்தேன். எட்டு ஆண்டுகளாக என் கண் ஆறாம் பாரத்தின் மேல் இருந்தது. அதுதான் பள்ளியிறுதி வகுப்பு. ஆறாம் பாரத்து ஆசிரியர் கடைத்தெருவில் நடந்தால் வியாபாரிகள் எழுந்து நிற்பார்கள். ஐந்தாம் பாரத்து ஆசிரியருக்குத் தலையை மட்டும் அசைப்பார்கள். அவ்வகுப்பை எடுத்துவந்த முதியவர் ஓய்வு பெறவிருந்தார், அடுத்தவன் நான்தான்.

அப்படியிருக்கையில் சுந்தரேசன் வந்து சேர்ந்தார். வயதில் என்னைவிட ஆறு ஆண்டு இளையவர். அவருடைய நான்காம் பாரத்துக்கும் என் ஐந்தாம் பாரத்துக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான் சுவர். அத்தட்டியின் வழியே நாள்தோறும் சிரிப்பொலி வரும். மாணவர்கள் சரித்திரப் பாடத்தில் சிரித்தார்கள். என் வகுப்பில் எட்டு ஆண்டுகளில் இரண்டே முறை சிரிப்பு எழுந்ததுண்டு. ஒருமுறை என் தலைப்பாகை தண்ணீர்ப் பானைக்குள் விழுந்தது. மற்றொருமுறை ஓர் ஆடு உள்ளே வந்தது. (இரண்டாவது சிரிப்பை என் கணக்கில் சேர்ப்பது முறையன்று.)

ஒரு நாள் தலைமையாசிரியர் எங்கள் இருவரையும் அழைத்தார்.

"அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வாறாரு. ரெண்டு பேரும் அவரு முன்னால பாடம் எடுங்க. அவரு யாரைச் சொல்றாரோ அவருக்கு ஆறாம் பாரம். அப்பறம் எங்கிட்ட வந்து மொகத்தைத் தூக்கிக்கிட்டு நிக்கப்படாது."

இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தையே பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் வருகைக்கு ஒத்திகை பார்ப்பது அக்காலத்து வழக்கம். பத்து வினாக்களை முன்னரே வகுத்து, பத்து மாணவர்களுக்கு ஆளுக்கொரு விடையைக் கொடுத்து நெட்டுருச் செய்விப்போம். நான் தேர்ந்தெடுத்தது, பழங்கப்பல் ஒன்று கடலில் மூழ்கிய கதையைச் சொல்லும் ஓர் ஆங்கில உரைநடைப் பாடம். ஒரு வாரம் காலையும் மாலையும் ஒத்திகை. மாணவர்கள் தடுமாறாதிருக்க நான் ஒரு விதி செய்திருந்தேன்: "வினாவைக் கேட்காதே; கேட்டால் குழம்புவாய். என் விரலைப் பார். உன்னைச் சுட்டியதும் உன் விடையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்." இவ்விதியை எண்ணி அந்நாளில் நான் பெருமைப்பட்டேன் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

அந்த நாளும் வந்தது. இன்ஸ்பெக்டர் முதலில் சுந்தரேசன் வகுப்புக்குப் போனார். தட்டிக்கு இப்பால் நின்று நான் செவிமடுத்தேன். (தலைப்பாகைக்குச் செவியை மறைக்கும் குற்றம் உண்டு, ஆகவே அதைச் சற்றே மேலேற்றிக்கொண்டேன்.) குடிகளின் குறை கேட்ட ஓர் அரசனைப் பற்றிய பாடம். மாணவர்கள் சிரித்தார்கள், அது பழகிய ஒலி. அதன்பின் கனத்த சிரிப்பு ஒன்று எழுந்தது. அது இன்ஸ்பெக்டருடையது.

என் வயிறு எரிந்தது. மூழ்கும் கப்பலைக் கேட்டு யார் சிரிப்பார்கள்? அவர் என் வகுப்புக்குள் காலெடுத்து வைத்த கணத்தில் கப்பலைக் கைவிட்டேன். அதே அரசனைப் பற்றி, அதைவிடச் சிறப்பாக, நானும் பாடம் நடத்தத் தொடங்கினேன். பொறாமையின் வேகத்தில் நான் மறந்தது ஒன்றே ஒன்று: மாணவர்களிடம் சொல்லவில்லை.

கால்மணி நேரம் அரசனை வருணித்துவிட்டு, வினாக்களுக்கு வந்தேன். (எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது, தமிழில் தருகிறேன்.)

"அரசனுடைய சிம்மாசனம் எப்படி இருந்தது?" என்று கேட்டுக் கருப்பையாவைச் சுட்டினேன்.

அவன் அம்புபோல் எழுந்தான். "அதன் அடியில் பெரிய ஓட்டை இருந்தது, ஐயா."

இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். நான் விரைந்து மெய்யப்பன் பக்கம் திரும்பினேன். "அரசவையில் யார் யார் வீற்றிருந்தார்கள்?"

"முந்நூறு எலிகள், ஐயா."

அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். வரிசையை மாற்றினால் தப்பலாம் என்று எனக்குத் தோன்றியது. கடைசிப் பெஞ்சில் இருந்த, வகுப்பிலேயே அறிவாளியான ராமையாவைச் சுட்டினேன். "இத்தகைய நல்ல அரசனுக்குக் குடிகள் என்ன செய்தார்கள்?"

"எல்லாரும் சேர்ந்து தூக்கிக் கடலில் எறிந்தார்கள், ஐயா."

அரசர் ஆளும் சமஸ்தானம். சமஸ்தானத்துச் சம்பளம் வாங்கும் இன்ஸ்பெக்டர். உடன் வந்திருந்த தலைமையாசிரியர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன பாடங்க இது?" என்றார் இன்ஸ்பெக்டர், மிக மெதுவாக.

தட்டியின் ஓரத்திலிருந்து சுந்தரேசனின் குரல் எழுந்தது.

"மன்னிக்கணுங்க. இது புது மாதிரிப் பாடங்க. அர்த்தம் புரியாம மனப்பாடம் பண்ணினா எங்கிட்டுப் போயி முடியும்னு பயலுகளை வச்சே நடிச்சுக் காட்டுறாருங்க."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், மாணவர்களைப் பார்த்தார். பிறகு, சுந்தரேசன் வகுப்பில் சிரித்ததைவிட இருமடங்கு சிரித்தார். "எலி... முந்நூறு எலி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முப்பது வருசமா இதைத்தான் நான் எழுதி எழுதி அனுப்புறேன். ஒருத்தரும் கேக்கல. இது யாரோட யோசனைங்க? ஒங்களோடதா, அவரோடதா?"

உண்மையைச் சொல்ல முடியாது. அது என்னைக் கடலில் எறிந்துவிடும். 'அவருடையது' என்று சொல்லியிருக்கலாம். என் உயிரைக் காத்தவருக்கு அந்த ஒரு சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"என்னுடையது" என்றேன்.

"அப்படின்னா ஒங்களை ஒரு வகுப்புல கட்டிப்போடக் கூடாது" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆலங்குடியில ஆரம்பிச்சு எல்லா ஊரு வாத்தியாருங்களுக்கும் இதை நடத்திக் காட்டுங்க. மாசம் ரெண்டு நாளு. ஆறாம் பாரத்துக்குப் பரீட்சை இருக்கு, ஆள் எப்பவும் இங்கிட்டே இருக்கணும். அதை இவரு பாக்கட்டும்."

சுந்தரேசன் என் கையைப் பற்றிக்கொண்டு, "அருமையாப் பண்ணினீங்கண்ணே" என்றார். பரிகாசம் துளியும் இல்லை. அதுதான் என்னால் இன்றுவரை மன்னிக்க இயலாதது.

வீட்டுக்கு வந்தேன். "ஆறாம் பாரம் கெடைச்சுதா?" என்றாள் விசாலாட்சி.

"இல்லை."

"பெறகு என்னதான் கெடைச்சுது?"

"மாட்டுவண்டி."

முதலில் மாட்டுவண்டியிலும் பின்னர்ப் பேருந்திலுமாக, நான்கு ஆண்டுகள் நான் ஊர் ஊராகச் சென்று அந்த அரசனைக் கடலில் எறிந்துகொண்டிருந்தேன். ஓரிடத்திலும் சிரிப்புக்குக் குறைவில்லை. ஆறாம் பாரம் கடைசிவரை கிட்டவில்லை. ஐந்தாம் பாரத்திலேயே ஓய்வு பெற்றேன்.

எங்கள் மகளுக்கு மணம் பேச வந்தவர்களிடம் விசாலாட்சி இக்கதையைத் தொடங்கி, பாதியில் பலகாரம் எடுக்க அடுக்களைக்குப் போய்விட்டாள். அவர்கள் கேட்டது, "இவரு அஞ்சாம் பாரத்தோட நின்னுட்டாருங்க" என்ற தொடக்கம் மட்டுமே. சம்பந்தியோ கண்ணியம் மிக்கவர். அதைப்பற்றி என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

திருமணத்துக்கு மறுவாரம் அவர் எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது ஆங்கிலத்தில் ஒரு தந்தி வந்தது. படித்துச் சொல்வதற்காக நான் கையை நீட்டினேன். அவர் என் தோளை அன்போடு தட்டினார்.

"நீங்க இருங்க சம்பந்தி. ஒங்களுக்கு எதுக்குச் சங்கடம்?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு, எதிர்வரிசையில் குடியிருந்த சுந்தரேசனிடம் அதைக் கொண்டுபோனார்.