ஒரு தரம்தான் கேட்பார் முசியே

மூன்றாம் கிளாஸோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. அதற்குப் பிறகு நான் கட்டியதைச் சொல்கிறேன், கேளுங்கள். சிட்லபாக்கம் ஏரியோரம், கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும் சேற்றில் மாடி வீடு எழுப்பினேன். என்ஜினியர் படித்தவர்கள் கையை விரித்த இடம் அது. இன்றைக்கும் விரிசல் கிடையாது. சிமெண்டுக்குப் பர்மிட் வாங்கிக்கொண்டு தவம் கிடந்த காலத்தில் ஊரப்பாக்கத்தில் மூன்று கிணறு, ஒரு கலியாண மண்டபம். தாம்பரத்தில் நீங்கள் எந்தக் காம்பவுண்டு சுவரில் சாய்ந்தாலும் பாதி என் முதுகில் சாய்ந்த மாதிரி.

ஆனால் ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில், சாம்பாரே கிடையாத ஒரு ஓட்டலைக் கட்டினேனே, அதுதான் பெரிய சாதனை. கட்டச் சொன்னவர் முசியே. பசியோடு வந்தவனைப் பசியோடே அனுப்பி, அவன் வாயாலேயே 'ரொம்ப நன்றி' வாங்கத் தெரிந்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

பாண்டிச்சேரியில் ஒரு பெரிய பிரெஞ்சு ஓட்டலில் இருபது வருஷம் பரிமாறியவர். ஆண்கள் எல்லோரும் அவருக்கு 'முசியே', பெண்கள் எல்லோரும் 'மதாம்'. அந்த ஊர் பாஷையில் ஐயா, அம்மா என்று அர்த்தமாம். கல் உடைக்கிறவனையும் முசியே என்பார். கடைசியில் ஊரே அவருக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டது. பாண்டிச்சேரியிலிருந்து மெட்ராசுக்குப் போகிற கார்கள் எல்லாம் தாம்பரத்தில் நின்று சாப்பிட்டுவிட்டுத்தான் போகும் என்பது அவர் கணக்கு. இவ்வளவு தூரம் வந்தவன் மெட்ராசிலேயே போய்ச் சாப்பிட்டுக்கொள்ள மாட்டானா என்று கேட்டேன். "நாகரிகம் தெரிந்தவன் நிற்பான், முசியே" என்றார்.

கட்டும்போதே தகராறு. சமையல்கட்டுக்கு ரெண்டு கதவு வைக்கச் சொன்னார்.

"இன்னாத்துக்கு ரெண்டு?"

"ஒன்று போவதற்கு. ஒன்று வருவதற்கு."

"போனவன் அதே வழியா வந்தா இன்னா, கதவு கட்ச்சிடுமா?"

"சூடான மீனும் காலித் தட்டும் எதிரெதிரே சந்திக்கக் கூடாது."

என்னவோ சண்டை போட்ட சம்பந்திகளைப் பற்றிப் பேசுகிற மாதிரி அல்லவா பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு, ரெண்டு கதவும் வைத்தேன். தேக்கு. தள்ளினால் சத்தமில்லாமல் திறந்து தானே சாத்திக்கொள்ளும்.

ஓட்டல் திறந்த அன்று வெள்ளைத் துணி விரித்த ஆறு மேஜை, கத்தி, முள்கரண்டி, கோபுரம் மாதிரி மடித்த கைத்துண்டு. சித்திரை வெயிலில் முசியே கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையுமாக நின்றார். முதல் கிராக்கி ஒரு லாரி டிரைவர்.

"முன்கூட்டிச் சொல்லியிருக்கிறீர்களா, முசியே?"

டிரைவர் சுற்றிப் பார்த்தார். ஈ கூட இல்லை. முசியே பெரிய நோட்டை எடுத்து, வெற்றுப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, "உங்கள் அதிர்ஷ்டம், ஒரு மேஜை இருக்கிறது" என்றார். முதலில் சூப் வந்தது.

"இன்னா சார், ரசத்தைத் தட்டுல ஊத்திக்கினு வந்துகீற? சோறு எங்க?"

"சோறு வகையறா நாலு தட்டு கழித்து வரும்."

"நாலு தட்டு கழிச்சா நான் திண்டிவனத்துல இருப்பேன் சார்!"

டிரைவர் போய்விட்டார். முசியே அவருக்காக வாசல் வரை போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

கட்டியவன் என்ற முறையில் எனக்கு ஒரு விருந்து வைத்தார். சூப் முடிந்தது. மீன் வந்தது, வெண்ணெயில் வெந்து, எலுமிச்சை பிழிந்து. இடது பக்கம் நின்று, குனிந்து, "விருப்பமா?" என்றார். எடுத்த எடுப்பில் யாராவது சரி என்பார்களா? "ஐயோ வேணாம்" என்றேன். தலை வணங்கினார், மீன் போயே போய்விட்டது. கோழி வந்தது. "வேணாம் வேணாம்" என்றேன். அதுவும் போய்விட்டது.

"யோவ் முசியே! மரியாதைக்கு வேணாம்னேன்யா!"

"நானும் மரியாதைக்குத்தான் எடுத்துக்கொண்டு போனேன். ஒருவர் சொன்ன சொல்லை நம்பாமல் திரும்பக் கேட்பது அவமரியாதை."

அன்றைக்கு ஸ்டேஷன் வாசலில் நாலு வடை தின்றுதான் வீட்டுக்குப் போனேன்.

அப்பேர்ப்பட்ட மனிதரை நம்பித்தான் என் தங்கை எஸ்தரின் கலியாணப் பேச்சை அந்த ஓட்டலில் வைத்தேன். வேறு வழியில்லை. ஊருக்கெல்லாம் மாடி கட்டிய எனக்கு அப்போது ஓலைக் கூரைதான். அந்தக் கூரையைப் பார்த்தே மூன்று வரன் திரும்பிப் போயிருந்தது. நாலாவதாக வந்தது சிட்லபாக்கம் ஹெட்மாஸ்டர் குடும்பம். பையன் ரயில்வேயில் கிளார்க். எஸ்தருக்கும் பையனைப் பிடித்திருந்தது. இதுவும் போனால் அவள் முகத்தில் நான் விழிக்க முடியாது.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் மூணு தரம் கேளு முசியே. உன் காலைத் தொடறேன்" என்றேன்.

"காலைத் தொட வேண்டாம். கேட்க மாட்டேன்" என்றார்.

மத்தியானம் வந்தார்கள். ஹெட்மாஸ்டர், அவர் சம்சாரம், பையன். எஸ்தர் காபித் தட்டோடு வரத் தயாராக நின்றாள். முசியே தட்டை வாங்கி வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து, அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் அவளை உட்கார வைத்துவிட்டார். ஹெட்மாஸ்டர் கண்ணை மூடி, ஆகாரத்துக்காக ஆண்டவருக்கு நீளமாக நன்றி சொன்னார். அந்த ஆகாரம் தனக்கு வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரியாது.

மீன் வந்தது. நேராக ஹெட்மாஸ்டர் சம்சாரத்திடம் போய்க் குனிந்து, "விருப்பமா, மதாம்?" என்றார். அந்த அம்மாள் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையோ கேட்கிறார் என்று.

"மொதல்ல சாருக்கு வைங்க."

"இங்கே முதலில் மதாம்."

அந்த அம்மாள் புருஷனைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். "ஒரு துண்டு" என்றார். அடுத்தது எஸ்தர். "எனக்கு ரெண்டு" என்றாள். நான் அவளுக்குக் கண்ணைக் காட்டினேன்; அவள் மீனைத்தான் பார்த்தாள்.

ஹெட்மாஸ்டர் தட்டை மறைத்துக்கொண்டு, "வேண்டாம், வேண்டாம்" என்றார். மீன் நகர்ந்தது. அப்பா வேண்டாம் என்றதால் பையனும் வேண்டாம். விருந்தாளிகள் சாப்பிடாமல் நான் எப்படிச் சாப்பிடுவது? நானும் வேண்டாம். கோழிக்கும் அதே கதை. ஆம்பளைகள் மூன்று பேரும் காலித் தட்டில் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெண்கள் ரெண்டு பேரும் எங்களை மறந்தே போனார்கள்.

"ஏம்மா, இந்தக் கத்திய எப்படிப் பிடிக்கணும்?"

"எனக்கும் தெரியாதுங்க அத்தை. கையாலயே சாப்பிடுவோம், யார் பார்க்கப் போறாங்க?"

ரெண்டு பேரும் சிரித்தார்கள். ஹெட்மாஸ்டர் நாற்காலியைத் தள்ளி எழுந்தார். "போதும். கிளம்பலாம்."

முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"நான் இன்னும் சாப்ட்டு முடிக்கலைங்க" என்றார் அந்த அம்மாள், தலை நிமிராமல்.

முசியே பூனை மாதிரி பின்னால் போய், நாற்காலியை ஹெட்மாஸ்டரின் முழங்காலுக்குப் பின்னால் மெல்ல நகர்த்தினார். அவர் தானாக உட்கார்ந்தார். "மதாம் முடிக்காமல் யாரும் எழுந்திருக்கும் வழக்கம் இங்கே இல்லை, முசியே."

அந்த அம்மாள் நிதானமாக, எலும்பு ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிட்டார். கடைசியில் ஹெட்மாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அந்த மீன்... இன்னும் இருக்கா?"

முசியே ஒரு கதவு வழியாகப் போனார். அடுத்த கதவு வழியாக வந்தார். மூன்று பேருக்கும் மீன், ஆவி பறக்க. கேட்பார்கள் என்று தெரிந்து, அடுப்பு ஓரத்திலேயே மூடி வைத்திருந்திருக்கிறார் மனுஷன்!

"மெதுவா சாப்பிடுங்க. நாங்க உக்காந்திருக்கோம்" என்றார் அந்த அம்மாள்.

வாசலில் ஹெட்மாஸ்டர், "யோசிச்சுச் சொல்றேன், மேஸ்திரி" என்று ஆரம்பித்தார்.

"நான் யோசிச்சிட்டேன்" என்று அந்த அம்மாள் குறுக்கே வந்தார். "தம்பி, கலியாணமாகி முப்பது வருஷத்துல மொதத் தட்டு எனக்கு வந்தது இன்னிக்குத்தான். அதையும் சூடா சாப்ட்டேன். உங்க தங்கச்சி கூடவே உக்காந்து சாப்ட்டா. அவ நம்ம வீட்டுக்கு வரட்டும்."

எந்தக் காரும் நிற்காததால் ஓட்டலை ரெண்டாவது வருஷம் மூட வேண்டியதாயிற்று. முசியே பாண்டிச்சேரிக்கே திரும்பினார். பஸ் ஏறும்போது கையுறையைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த இடத்தில் இப்போது செருப்புக் கடை. பின்னால் ரெண்டு கதவும் அப்படியே இருக்கின்றன. இன்றும் தள்ளினால் சத்தம் வராது.

எஸ்தர் வீட்டில் முதல் தட்டு இன்றைக்கும் பெண்களுக்குத்தான். அந்தக் கலியாணத்தை முடித்து வைத்தது முசியே என்றுதான் பேரப் பிள்ளைகள் வரைக்கும் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் அந்த மீன் சூடாக வந்தது எந்தக் கதவு வழியாக? அந்தக் கதவை வைத்தது யார்? ஆகவே இனிமேல் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் என் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலில் அவர் பெயர் இருக்கட்டும். பக்கத்தில் என் பெயர்.

இதை நான் ஒரு தரம்தான் கேட்பேன்.