வண்டி பத்து நிமிஷம் நிற்கும்

"இந்தாம்மா, ஒரு வாய் டீ கிடைக்குமா?"

பதில் இல்லை. டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தார். அவர் சீட்டுக்கும் பின்னாலிருந்த வீட்டுக்கும் நடுவே பூப்போட்ட திரை ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

வீடு என்றால் வீடேதான். கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, ஒரே ஆள் பக்கவாட்டில் நுழையக்கூடிய குளியலறை, எல்லாம் ஒரு வேனுக்குள். கேரவன் என்று பேர். முப்பத்துநாலு வருஷம் பஸ் ஓட்டி ரிடையரான மனுஷன், "இனிமே உன்னைக் கடற்கரை கடற்கரையா கூட்டிட்டுப் போறேன் பாரு" என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்து, மூன்று வாரமாகத் தென்னை மரங்களுக்கு நடுவே ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

வாக்கில் ஒரு குறையும் இல்லை. பதினேழு கடற்கரை பார்த்தாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் வண்டி பத்து நிமிஷம் நிற்கும். பதினோராவது நிமிஷம் ஐயா சீட்டில் ஏறி உட்கார்ந்து எஞ்சினை உறுமவிடுவார். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றி, புடவையைத் தூக்கிச் செருகி, தண்ணீரைப் பார்த்து நாலு எட்டு வைப்பதற்குள் நேரம் முடிந்துபோகும். பஸ்ஸை விட்டு இவர் இறங்கினாலும் இவரை விட்டு பஸ் இறங்கவில்லை.

இன்று காலையில் பதினேழாவது கடற்கரையிலும் அதுதான் தகராறு.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள், சாயங்காலம் வரைக்கும் இந்தத் தண்ணியில காலை வெச்சுக்கிட்டு சும்மா உக்காரணுங்க."

"பன்னெண்டு மணிக்கு அடுத்த ஊருக்குப் போய்ச் சேரணுமேம்மா."

"சேரலைன்னா யாரு உங்களுக்கு மெமோ குடுக்கப் போறா?"

பதில் தெரியாத கேள்விக்கெல்லாம் எஞ்சினைக் கிளப்புவது அவர் வழக்கம். கிளப்பிவிட்டார்.

ஆக, கோபம். டீ கிடைக்காது. சமாதானம் பேசித்தான் வாங்க வேண்டும்.

"சரி, அடுத்த கடற்கரையில பதினஞ்சு நிமிஷம் நிப்பாட்டறேன்" என்றார்.

திரை வாயைத் திறக்கவில்லை.

"இருபது."

எதிரே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அரை மணி! அதுக்கு மேல கேக்காதே, சொல்லிட்டேன்."

இன்னும் ஐந்து கிலோமீட்டர் போனதும் அவரே முக்கால் மணிக்கு ஏறினார். ஒரு மணி நேரத்துக்கும் அசைவில்லை. கடைசியில், ஆயுசில் சொல்லாத ஒன்றை, காது சிவக்க, ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னார்.

"உன்னை விட்டா எனக்கு யாரும்மா இருக்கா?"

அதற்கும் ஒரு 'ம்' இல்லை. அப்போதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. எவ்வளவு கோபம் என்றாலும், இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டுச் சிரிக்காமல் இருக்கிறவள் இல்லை அவள்.

ஓரம் கட்டினார். திரையை விலக்கினார். கட்டில் காலி. குளியலறையைத் தட்டினார், திறந்தார். பாத்திர அலமாரியைக்கூடத் திறந்து பார்த்தார்.

கதவு சாத்திய சத்தம் கேட்டதே? காற்று சாத்தியிருக்கும். இரண்டு விசில் கேட்டதே? கேட்டது! கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தால் கிளம்பு என்று அர்த்தம். முப்பத்துநாலு வருஷப் பழக்கம், மூளையைக் கேட்காமலே கால் ஆக்ஸிலேட்டருக்குப் போய்விடும். இங்கே ஏது கண்டக்டர்? குளிப்பவர்களை மிரட்ட, உயரமான நாற்காலியில் கழுத்தில் விசிலோடு ஒரு லைஃப்கார்டு உட்கார்ந்திருந்தான்!

"அடப்பாவி! அவன் ஊதினதுக்கா நான் எடுத்துட்டு வந்தேன்!"

சர்வீஸில் ஒரு பயணியைக்கூட வழியில் விட்டுவிட்டு வந்தவரில்லை. வழியனுப்பு விழாவில் டிப்போ மேனேஜர் இவரைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். இப்போது இருக்கிற ஒரே பயணியை விட்டுவிட்டு நாற்பது கிலோமீட்டர் வந்திருக்கிறார். அவளை நடு வெயிலில் நிற்க வைத்துவிட்டோமே என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

மனைவிக்குப் போன் போட்டார். தலையணைக்கு அடியில் மணி அடித்தது.

மகளுக்குப் போட்டார். நேரே சொல்ல வாய் வரவில்லை. "ஒண்ணுமில்லடா, அம்மா உனக்கு ஏதாவது போன் பண்ணாளான்னு கேட்டேன்."

"அம்மா உங்ககூடத்தானேப்பா இருக்காங்க? குடுங்க, பேசறேன்."

"குளிக்கிறா."

"குழாய் ஒடஞ்சு நாலு நாளாச்சு, உள்ள குளிக்கவே முடியலைன்னு அம்மா நேத்துதானே சொன்னாங்க? அப்பா, நெஜத்தைச் சொல்லுங்க. அம்மா எங்க?"

டிரைவர் போனை வைத்துவிட்டார். நெஜம் சொல்லத் தெம்பில்லாத நேரத்தில் வண்டியைத் திருப்புவதுதான் உத்தமம் என்று பட்டது. ஆனால் பாதை குறுகல், வண்டி நீளம். பின்பக்கம் போய்ப் பார்த்து ரைட் சொல்ல ஆளும் இல்லை. அவசரத்தில் பின்னால் எடுத்தார், இரண்டு சக்கரமும் மணலில் இறங்கிவிட்டன. மிதித்தார், இன்னும் இறங்கின. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஆறு பேர் வந்து தள்ளினார்கள்.

"பெரியவரே, வண்டியில கனமா ஏதாவது இருந்தா எறக்கிடுங்க" என்றார் ஒருவர்.

"எறக்கிட்டேன்ப்பா. அதான் பிரச்சினை" என்று அழாத குறையாகச் சொன்னார். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் பாவம் பார்த்துத் தள்ளிவிட்டார்கள்.

திரும்பிப் பறந்தார். பத்து கிலோமீட்டர்கூடப் போகவில்லை, போலீஸ் ஜீப் ஒன்று குறுக்கே வந்து நின்றது. பொண்ணு சும்மா இருக்குமா? வண்டி நம்பரோடு போலீசுக்குப் போன் பறந்திருக்கிறது.

ஒரு இன்ஸ்பெக்டரம்மா இறங்கி வந்தார். "உங்க சம்சாரம் எங்க?"

"விட்டுட்டு வந்துட்டேன்."

"எங்க விட்டீங்க?"

"கடல்ல."

இன்ஸ்பெக்டரம்மா முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். "போன் இருக்கு, செருப்பு இருக்கு, ஆளு மட்டும் இல்லை. காலையில ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"ஆமாங்க."

"எதுக்கு?"

"தண்ணியில காலை வெக்கணும்னு கேட்டா. நான்தான் நேரமில்லைன்னேன்." இதைச் சொல்லும்போதே அவருக்கு உறைத்தது. ஊரில் எவன் எவனுக்கோ, ஓடி வருகிறான் பாவம் என்று பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார். கட்டினவள் ஓடி ஓடி வந்து ஏறியபோது ஒரு நாளாவது எஞ்சினை அணைத்தாரா? "அம்மா, என்னை அப்புறமா எங்க வேணா கூட்டிட்டுப் போங்க. முதல்ல அவளைப் பாக்கணும். பச்சத் தண்ணிகூடக் குடிச்சிருக்க மாட்டா."

இன்ஸ்பெக்டரம்மா ஜீப்பில் ஏறி, "பின்னாடியே வாங்க" என்றார். முன்னால் ஜீப் அலறிக்கொண்டு போக, பின்னால் டிரைவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனார். போகிற வழியில் எத்தனை கடற்கரை வந்தது, மணி என்ன ஆனது, எதையும் அவர் பார்க்கவில்லை.

கடற்கரை வந்தது. எஞ்சினை அணைத்துச் சாவியை உருவிக்கொண்டு மணலில் ஓடினார். தூரத்தில், அலை வந்து தொடும் இடத்தில், முழங்காலுக்குப் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்தப் பழகிய முதுகு. இருக்கிறாள்! நல்லபடியாக இருக்கிறாள்! அப்படியே நின்றுவிட்டார்.

நின்ற இடம் லைஃப்கார்டின் நாற்காலிக்கு நேர் கீழே. ஐம்பது வயதுக்குக் குறையாத, தொப்பை சரிந்த ஆள். அழுகை, பயம், நிம்மதி எல்லாம் சேர்ந்து கோபமாக அந்த ஆள்மேல் பாய்ந்தது.

"யோவ்! எறங்குய்யா கீழே! பொழுதுபோகலைன்னா விசில் ஊதுவியா? நீ ஊதின ரெண்டு விசில்ல என் குடும்பமே தெருவுக்கு வந்துடுச்சு!"

மூச்சு வாங்க வந்து சேர்ந்த இன்ஸ்பெக்டரம்மாவும் அண்ணாந்து பார்த்து, "எதுக்குங்க ஊதினீங்க?" என்று அதட்டினார்.

லைஃப்கார்டு அவர்கள் இருவரையும் பார்த்தார், கடலோரம் இருந்த முதுகைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் எங்க சார் ஊதினேன்? அந்தம்மாதான் கதவை வெளிய இருந்தே சாத்திட்டு, என் விசிலைக் கேட்டு வாங்கி ரெண்டு ஊது ஊதிட்டு, 'இனிமே சாயங்காலம் வரைக்கும் மனுஷன் திரும்பிப் பாக்க மாட்டாரு'ன்னாங்க. நீங்க என்ன சார், அதுக்குள்ள வந்து நிக்கறீங்க?"