சந்தாவை நிறுத்தக் காரணம்

மாதாமாதம் என் கணக்கில் யாரோ கைவைக்கிறார்கள் என்றால், போன பணத்தைவிட அந்த ஆள் யார் என்பதுதான் என் மண்டையைக் குடையும். அந்தக் குடைச்சலால்தான் என் கல்யாணமே நிற்கப் பார்த்தது.

அப்போது தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. ஒரு சனிக்கிழமை, போனில் தானாகப் பணம் பிடிக்கும் சந்தாக்களையெல்லாம் ரத்து செய்ய உட்கார்ந்தேன். பாட்டு ஆப், சினிமா ஆப், ஒரே ஒருநாள் போன ஜிம் (அன்றும் பாதியில் வந்துவிட்டேன்) எல்லாம் ஒழிந்தன. ஒன்று மட்டும் என்னவென்றே புரியவில்லை. அதிலிருந்த கஸ்டமர் கேர் நம்பருக்கு அடித்தேன்.

"சார், இது மேட்ரிமோனி. உங்க பேர்லதான் இருக்கு."

"நான் சேரவே இல்லையே!"

"நிறுத்தக் காரணம் சொல்லுங்க சார். விலை அதிகம்னா பதினஞ்சு நாள் ஆகும். கல்யாணம் நிச்சயமாயிட்டுன்னா உடனே நிறுத்திரலாம்."

"அப்போ அதையே போடுங்க" என்றேன். என்ன சாமர்த்தியம்!

அடுக்களைக்கு ஓடினேன். "அம்மா, ஒரு திருட்டுப்பயலைப் பிடிச்சிட்டேன். என் பேர்ல மேட்ரிமோனியாம்!"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "ஏலே, அது நான்தாம்ல! கல்யாணம் வேண்டாம்னு குதிச்சியேன்னு உன் போனை எடுத்துச் சேத்தேன். நாளைக்குச் சர்ச்சுல பூசை முடிஞ்சதும் ஆறுமுகநேரியிலருந்து பொண்ணு வீட்டுக்காரவ வாராவ. மக்ரூன்கூட வாங்கி வச்சிட்டேன்!"

அதற்குள் அம்மாவின் போன் அடித்தது. பெண்ணின் அப்பா.

"என்னம்மா, உங்க பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிட்டுன்னு மேட்ரிமோனியிலருந்து மெசேஜ் வந்திருக்கு? பெறவு எங்கள எதுக்கு வரச் சொன்னிய?"

அம்மா போனை என் கையில் திணித்தார். கண் கலங்கியிருந்தது. இரண்டு வருடமாகத் தேடி அமைந்த இடமாம். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. நடந்ததை உளறினேன். சந்தாவை நிறுத்தவா இப்படியொரு பொய் என்று அவர் நம்பவே இல்லை. பின்னாலிருந்து ஒரு குரல், "போனைத் தாங்கப்பா" என்றது. பெண்ணேதான்; பெயர் ஜெனி.

"வேற என்னெல்லாம் நிறுத்துனிய?"

ஜிம் உட்பட எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"எங்கப்பா போன்லயும் என்னன்னே தெரியாம நாலஞ்சுக்குப் பணம் போகுது. நாளைக்கு வாரப்போ கொண்டு வாரோம். பாத்துத் தாங்க."

யாரடா இந்தப் பெண் என்று இப்போது புதிதாக மண்டை குடைய ஆரம்பித்தது.

சொன்னபடி வந்தார்கள். மக்ரூன் தட்டுக்குப் பக்கத்தில் ஜெனி அப்பாவின் போன். நான் பெண்ணைப் பார்த்ததைவிட அதைப் பார்த்ததுதான் அதிகம் (அம்மா இன்றும் திட்டுகிறார்).

இப்போது மாமனார் வழிச் சொந்தத்தில் யாருக்குப் பணம் பிடித்தாலும் போன் என்னிடம்தான் வருகிறது. உடனே ஜெனி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

"எல்லாத்தையும் நீங்களே அமுக்குங்க. காரணம் கேட்டா மட்டும் போனை என்கிட்ட குடுத்துருங்க."